பசையில் ஒரு கட்டைவிரல்

பழைய வயலினுக்குள் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு வெளிநாட்டு மேதையின் பெயர் இருந்தது. கடைக்காரர் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார். அப்படியொரு சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம் என்பது கோமளாவுக்குத் தெரியும். முதல் நாள் பார்க்க வந்தபோதே, உள்ளே காய்ந்திருந்த பசையில் ஒரு விரல்ரேகை அவள் கண்ணில் பட்டிருந்தது. அதனால் இன்று பத்து வயது மகள் தன்யாவோடு எதிர்வீட்டு தேவசகாயத்தையும் அழைத்து வந்திருந்தாள். அவருக்குச் சங்கீதம் தெரியாது. போலீஸில் கைரேகைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்.

வயலினின் துளை வழியாக டார்ச் அடித்து, பல் டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு, அவர் வெகுநேரம் பார்த்தார்.

“யார் செஞ்சதுன்னு தெரியுதா சார்?” என்றாள் கோமளா.

“பேரெல்லாம் தெரியாதும்மா.” அவர் தன்யாவின் கையைப் பிடித்து, கட்டைவிரலை வெளிச்சத்தில் திருப்பினார். “இந்த அளவுதான் இருக்கும். கோடெல்லாம் இதே மாதிரி நெருக்கமா இருக்கு.”

கடைக்காரர் சிரித்தார். “பட்டறையில விளையாட வந்த புள்ளை ஏதாவது தொட்டிருக்கும் சார்.”

“தொட்டதில்லைங்க. ஒட்டின இடத்துல எல்லாம் இதே விரல்தான். பசை காயற வரைக்கும் அழுத்திப் பிடிச்சிருக்கு.”

தன்யா வயலினைக் கையில் வாங்கித் தோளில் பொருத்திக்கொண்டாள். வில்லை எடுத்தவள் தந்தியில் வைக்காமல் நிறுத்தினாள்.

“அந்தப் புள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா தாத்தா?”

தேவசகாயம் டார்ச்சை அணைத்தார். கடைக்காரர் மட்டும் சீட்டிலிருந்த பெயரை இன்னொரு தடவை சொன்னார்.