ஆமைக்கு ஆழ்ந்த இரங்கல்

குளத்தங்கரை வாட்ஸ்அப் குரூப்பில் ஆமை வாயே திறப்பதில்லை. அதில் கடுப்பான காக்கை ஒரு நாள், "ஆமையாருக்கு ஆழ்ந்த இரங்கல்" என்று நக்கலாகத் தட்டிவிட்டது. நக்கல் என்று ஒரு ஜீவனுக்கும் படவில்லை. கொக்கு கும்பிடு போட்டது. தவளை, மாலை போட்ட ஆமைப் படத்தை அனுப்பியது.

காக்கை பதறிப்போய், "சும்மா சொன்னேன், அது உயிரோடதான் இருக்கு" என்று எழுதியது.

"சாவுலயுமா விளையாட்டு?" என்று குரூப்பே அதைக் காறித் துப்பியது.

ஆனாலும் காரியத்தன்று படையல் சோறு எடுக்கக் காக்கைதானே வேண்டும், கூப்பிட்டுவிட்டார்கள். கூனிக் குறுகிப் போனால், பந்தியில் முதல் இலையில் ஆமை.

"அண்ணே, நீங்க சாகலைன்னு இவங்ககிட்ட சொல்லுங்க" என்று கெஞ்சியது காக்கை.

"இத்தனை பேர் அழறாங்க, பொய்யாவா இருக்கும்?" என்று ஆமை மூக்கைச் சிந்தியது. "தங்கமான ஆமைப்பா அது."