பதுக்கெ

"வெளியே பூட்டினது யாரு? கதவைத் திற!"

கதவைத் திறந்தது இசக்கிசெல்வி. மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கின் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தைக் கூட்டித் துடைப்பவள்.

"ஹீட்டர் ஓடுது. தீப்பிடிச்சா நான் எந்த வழியா ஓடுவேன் அக்கா?" ஹாதியா கத்தினாள்.

இசக்கிசெல்வி படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள்.

"இனி என் ரூம் பக்கம் வராதீங்க!"

அங்கே ஆராய்ச்சி செய்யும் ஹாதியா பாவம். ஆறு மாதமாக ஒரே கனவு. புற்றுநோய்க் கட்டியைச் சூட்டாலேயே கருக்கப்போகும் காந்தத் துகள்கள், கண்ணுக்கே தெரியாதவை. அவை பகடை மாதிரி சதுரமாக வரவேண்டும். வந்ததெல்லாம் உருண்டை. இந்தத் தடவையும் உருண்டை என்றால் வேலை போய்விடும்.

சூடு மெதுவாக ஏறினால்தான் பகடை. அதனால் குடுவையின் பக்கத்தில் உட்கார்ந்து, "பதுக்கெ... பதுக்கெ..." என்று, 'மெல்ல, மெல்ல' என மலையாளத்தில் கொஞ்சிக்கொண்டே இருப்பாள். 'இக்கா' என்று அவள் கூப்பிடும் முதலாளி நிஹாலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. வந்தவுடன் குமிழைத் திருகிச் சூட்டைக் கூட்டிவிடுவார்.

இன்று மதியம் சூட்டைக் கொஞ்ச நேரம் இருநூறு டிகிரியில் நிறுத்திவைத்தாள். சுக்கு வாசனை, தூரத்தில் படகின் ஹாரன். கண் சொருகியது. காயல் முழுக்கக் கறுப்புப் பகடைகள் மிதந்தன. விழித்தபோது அரை மணி நேரம் போயிருந்தது. கதவும் பூட்டியிருந்தது.

மறுநாள் மைக்ரோஸ்கோப் படம் வந்தது. அத்தனையும் பகடை!

"எப்படி ஹாதியா?" நிஹால் வியந்தார்.

"இருநூறுல அரை மணி நேரம் கூடுதலா நின்னுது இக்கா."

"நல்லவேளை! நேத்து நான் வந்தேன். தரை ஈரம், வழுக்கும்னு செல்வி உள்ளயே விடல. விட்டிருந்தா சூட்டைக் கூட்டியிருப்பேன்."

ஹாதியாவுக்குச் சுருக்கென்றது. நேற்று தரை காய்ந்துதான் கிடந்தது. படியிறங்கி ஓடினாள்.

"எதுக்கு அக்கா பூட்டினீங்க? நான் அவ்வளவு திட்டினப்பகூடச் சொல்லலையே!"

"சாரு கீழ்ப்படியிலேயே நின்னாரு, எப்படிச் சொல்ல? வேலை நேரத்துல அசந்து தூங்குதீய. அவரு வாற சத்தம் கேட்டுது. நீங்களோ தூக்கத்துல 'பதுக்கு, பதுக்கு'ன்னு கெஞ்சுதீய..."

இசக்கிசெல்வி குரலைத் தாழ்த்தினாள்.

"அதான் தாயி, உங்களைப் பதுக்கிட்டேன்."