குக்கரில் கட்டிய மஞ்சள்

முதல் வாயை வைத்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மருத்துவர் சொல்லியிருந்தபடி.

மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எறங்குதாங்க?”

இறங்கியது.

போன வாரம்வரை கஞ்சித் தண்ணீர்கூட நெஞ்சில் நின்று வழக்காடியது. உணவுக்குழாயின் அடியில், புற்று அடைத்த இடத்தில், வலை போலப் பின்னிய கம்பிக் குழாய் ஒன்றை வைத்து வழி விட்டிருக்கிறார்கள். சமையலறைக் குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிட ஆறு மாதம் யோசிப்பவர். அவருக்குள்ளேயே குழாய் வேலை.

“சாப்பிட வழி பண்ணியாச்சு,” என்றிருந்தார் மருத்துவர். “நோய் அப்படியேதான் இருக்கும். இனி மாசக் கணக்குதான்.”

முதல் வாக்கியத்தை மட்டும் இவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மீதியை வழியிலேயே விழுங்கிவிட்டார். புதுக் குழாயில் இறங்கிய முதல் பதார்த்தம் அதுதான்.

“ஆடி மாசத்துல சக்கரைப் பொங்கலா? காலண்டரத் தலைகீழா மாட்டிட்டியா?”

அவள் சிரிக்கவில்லை. இதைவிட மட்டமானதற்கெல்லாம் சிரித்தவள்.

பொங்கலைக் குழையக் குழைய மசித்திருந்தாள். முந்திரியைக்கூட அரைத்துத்தான் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் கரும்புச்சாறு. கடித்தால் சக்கை எங்காவது மாட்டிக்கொள்ளும் என்று பிழிந்தே வாங்கி வந்திருக்கிறாள்.

கரும்பு எதற்கு?

அப்போதுதான் அடுப்பு மேடையைப் பார்த்தார்.

குக்கரைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல்.

நூலில் ஒரு காய்ந்த விரலி மஞ்சள்.

இலையோடு பச்சை மஞ்சள்கொத்து இந்த மாதத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? அது தை மாதத்துச் சரக்கு.

ஜன்னல் கதவை ஆடிக்காற்று அடித்துச் சாத்தியது.

தைக்கு இன்னும் எத்தனை மாதம் என்று விரல் மடக்க ஆரம்பித்தவர், நிறுத்திக்கொண்டார்.

அவள் ஏற்கெனவே மடக்கிப் பார்த்துவிட்டாள்.

அடுத்த வாய் இறங்கவில்லை. குழாய் மேல் பழி போட முடியாது. அது ரொம்பக் கீழே இருந்தது.

“எறங்கலையா?”

கரும்புச்சாற்றை ஒரு மடக்குக் குடித்தார்.

வருஷாவருஷம் பால் பொங்கும்போது தெருமுனைவரை கேட்கக் கத்துகிற ஆள்.

“பொங்கலோ பொங்கல்,” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு, குக்கரிலிருந்து இன்னும் அரைக் கரண்டி எடுத்தாள்.