துண்டுக்கு அடியில் நான்கு மீன்கள்

வள்ளிக்கண்ணு தட்டில் மீன்களைப் பரப்பினாள். கணவன் வேலாயுதம் ஒரு தடவை பார்த்ததும் துண்டால் மூடிவிட்டு, டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

“இதுல பாஸானாத்தான் நாளைக்கு நீங்க ஜெகதாப்பட்டினம் மீன் ஏலத்துக்குப் போகலாம். அந்தக் கூச்சல்ல யாரு எந்த மீனைக் கேட்டாகன்னு நெனப்புலயே நிக்கணும்.”

“சரி, கேளு.”

“பொறுங்க.” அவன் கவனத்தைத் திருப்பப் பேச்சை மாற்றினாள். “ஒங்க அக்கா வாராகளாம். கோழிக்கொழம்புதான் வேணுமாம்.”

“வரட்டும்.”

“இப்பச் சொல்லுங்க.”

வேலாயுதம் விரல்விட்டு எண்ணினான். “சங்கரா, கணவாய், இறால்... நண்டு.”

“நண்டா? காரல் மீனுங்க. இம்புட்டுச் சத்தத்துலயும் எனக்கே நெனப்புல நிக்கிது. நீங்க பெயிலு.”

துண்டை எடுத்தாள். காரல்தான்.

அவன் கண் கலங்கியது. ஏலத்துக்குப் போன இடத்தில் ஐஸ் கட்டியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு ஞாபகம் தடுமாறியவள் அவள். தன்னை யாரும் சோதிப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால் தனக்குத்தான் மறதி என்று சொல்லிவைத்து, தினமும் வேண்டுமென்றே ஒரு மீனை மாற்றிச் சொல்லி வந்தான். நேற்றுவரை அவள் துண்டை எடுக்காமலே அந்தத் தப்பையும் சரியென்று தலையாட்டினாள்.

“பெயிலுதான்” என்றான். “நாளையிலருந்து பழையபடி ஏலத்துக்கு நீயே போ.”