நாற்பதாவது வயிறு

முப்பத்தொன்பது வயிறுகள் பார்த்தாயிற்று. ஒரு கொசு இல்லை.

சிறு மீன் உண்டு, நண்டு உண்டு, தன் இனத்துக் குட்டியையே விழுங்கியதும் உண்டு. நேற்று ஒன்றின் வயிற்றில் ஒரு முழுக் குருவிக் குஞ்சு. எல்லாவற்றையும்விட அதிகம் தட்டான்பூச்சியும், தண்ணீருக்குள் வாழும் அதன் குஞ்சும்தான். கண்ணில் பட்டதையெல்லாம் வாரிப் போட்டுக்கொள்ளும் இந்தப் பண்ணைத் தவளைகளுக்குக் கொசு மட்டும் கசக்கிறதா என்ன? யோகேஸ்வரிக்கு ஆத்திரமாக வந்தது.

கெலாங் பாத்தாவில், சதுப்பை ஒட்டிய தாமான் குடியிருப்பின் பொதுமண்டபத்துப் பின்னறை. லோஷினி பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். இறைச்சிக்காகப் பண்ணையில் வளர்க்கும், எங்கிருந்தோ வந்து சேர்ந்த தவளை இந்தச் சதுப்பில் எதையெல்லாம் தின்று தீர்க்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

வயிற்றில் இருப்பதை அலசிப் பிரித்துத் தர அவள் ஆள் தேடியபோது, யோகேஸ்வரி தானாகப் போய் நின்றாள். இருபத்திரண்டு வருஷம் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் மைக்ரோஸ்கோப்பைக் குனிந்து பார்த்த கண். கொசுக்காலில் ஒரு துண்டு கிடந்தாலும் தப்பாது.

தப்ப விடவும் மாட்டாள். ஆறு வருஷத்துக்கு முன் அவள் வீட்டுக்காரர் கமலநாதனை டெங்கிக் காய்ச்சல் கொண்டுபோனது. மாத்திரையை விழுங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்த மனுஷன். ஐந்தே நாள்.

ஒரே ஒரு கொசு போதும் அவளுக்கு. அது கிடைத்துவிட்டால் ராத்திரியில் கொஞ்சம் தூங்குவாள்.

லோஷினி நாற்பதாவது தட்டை அவள் முன்னால் வைத்தாள்.

"இதுலயும் இருக்காது ஆன்ட்டி. கொசுப்புழுவத் திங்கிறதே இந்தத் தட்டான் குஞ்சுங்கதான். இந்தத் தவளைங்க அதுங்களத்தான் காலி பண்ணுதுங்க." கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "மூணாவது வரிசையில மறுபடியும் டெங்கியாம்லா, கேள்விப்பட்டீங்களா?"

கேள்விப்பட்டிருந்தாள். லோஷினி இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. யோகேஸ்வரிதான் போட்டுக்கொண்டாள்.

தட்டில் இருந்ததை இடுக்கியால் ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். தட்டான் இறக்கை. தட்டான் தலை. மீன் முள். வழக்கம்போல அவ்வளவுதான்.

லோஷினி கை கழுவப் போன நேரம் பார்த்து முழங்கையில் சுருக்கென்றது. யோகேஸ்வரி பட்டென்று அடித்தாள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது, நசுங்கிய ஒரு கொசு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபேக்டரியில் ஒரு நாளாவது கெட்டுப்போன பீஸை நல்லதென்று தள்ளிவிட்டவள் இல்லை அவள். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் முடியாதென்று தலையை ஆட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் இப்போது வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கொசுவை இடுக்கியில் எடுத்தாள்.

கொசு தட்டுக்குள் போனது.

"கண்ணு, இங்க ஓடி வா! இருக்கு!"

ஈரக் கையோடு ஓடி வந்தாள் லோஷினி. "அலமாக், நெஜமாவா!" என்று சிரித்தபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. இடுக்கியால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, ரத்தம் செவப்பா இருக்கு. தவளை வயித்துக்குள்ள போனது இப்படி இருக்காது. இது இப்பத்தான் யாரையோ கடிச்சிருக்கு."

முழங்கை தடித்துக்கொண்டு வந்தது. யோகேஸ்வரிக்குச் சொறியத் தோன்றவில்லை. இந்தப் பெண்ணின் படிப்பில் போய் பொய்யைக் கலக்கப் பார்த்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

லோஷினியின் நோட்டுப் புத்தகம் மேசையில் கிடந்தது. இழுத்து, முதல் பக்கத்தைத் திருப்பினாள். 'தவளைகள் வந்த வழி: வெள்ளத்தில் பண்ணையிலிருந்து தப்பியிருக்கலாம்.' அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இத அடிச்சிடும்மா. எதுவும் தப்பிச்சு வரல. அவரு காரியம் முடிஞ்ச மறுநாளு, பசார்ல உயிரோட வாங்கி, வாளியில தூக்கிட்டு வந்து நான்தான் விட்டேன். தவளைன்னா கொசுவத் தின்னும்னு நெனச்சேன். இந்தத் தாமான்ல இன்னொருத்தி தாலி அறுக்கக் கூடாதுன்னுதாம்மா விட்டேன்."