துப்பாக்கியைத் தாழ்த்திய சிப்பாய்

டிவிக்குப் பின்னால் மண்டியிட்டு, கைக்கு அகப்பட்ட ஒயரையெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார் சிப்பாய். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். வீட்டுக்காரம்மாகூட நல்ல மூடில் இருந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என்ன மாமா, அங்க என்ன தேடறீங்க?" என்றபடி மாப்பிள்ளை உள்ளே வந்தார்.

"ஒண்ணுமில்ல மாப்ளே. டிவி மக்கர் பண்ணுது. படத்தை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்."

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "ஒயர் கழண்டிருக்கு, அவ்வளவுதான்," என்று நொடியில் எல்லாவற்றையும் சொருகிவிட்டார். விவரமான பையனாக வேண்டும் என்று தேடிப் பிடித்தது சிப்பாய்தான். இப்போது தன்னையே நொந்துகொண்டார்.

சோபாவில் மகள் புது டிஸ்க்கின் அட்டையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "பழைய பிரதியை ஒவ்வொரு காட்சியா சுத்தம் பண்ணியிருக்காங்களாம். இருட்டா இருந்த முகமெல்லாம் நேத்து எடுத்த மாதிரி தெரியுமாம். அப்பா, இன்னிக்குத்தான் உங்களைச் சரியாப் பார்க்கப் போறோம்."

சிப்பாய் வாசல் பக்கம் நழுவப் பார்த்தார்.

அரசாங்கம் பல வருடம் தடை செய்து வைத்திருந்த போர்ப் படம் அது. கொட்டும் மழையில் தெருவை மறித்து நிற்கும் பெண்களைச் சுடச் சொல்லி அதிகாரி உத்தரவு போடுவான். வரிசையில் ஒரே ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்துவான். தடை நீங்கிப் படம் வந்தபோது அந்த ஒரு காட்சிக்காகவே ஜனங்கள் தியேட்டரில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவன் முகம் மட்டும் ஹெல்மெட் நிழலில் மங்கலாகத்தான் தெரியும்.

"டேய், தாடை அப்படியே உன்னுது," என்றார்கள் பஸ் டிப்போவில் அவரோடு வேலை பார்த்த மெக்கானிக்குகள். அவர் இல்லையென்று சொல்லாமல் சிரித்து வைத்தார். மறுநாளே அதே டிப்போவின் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண் அவரைத் தேடி வந்து, முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அது நீங்கதானா?" என்று கேட்டாள். அந்தக் கண்களுக்கு முன்னால் "ஆமாம்" என்பதைத் தவிர வேறெதுவும் அவர் வாயில் வரவில்லை.

அந்தப் பெண்தான் இப்போது அவர் மனைவியாக அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். மகள் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், தெரு சிரித்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடலாம். அந்த ஒரு "ஆமாம்" என்ற சொல்லை நம்பிக் கழுத்தை நீட்டியவளுக்கு என்ன பதில் சொல்வது?

"எனக்குத் தலைவலி. துப்பாக்கிச் சத்தம் ஒத்துக்காது," என்று கடைசியாக ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தார்.

"சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கலாம் மாமா."

படம் ஓடியது. சிப்பாய் உட்கார்ந்தார், எழுந்தார், தண்ணீர் குடித்தார், ஜன்னலைச் சாத்தினார், சாத்திய ஜன்னலைத் திறந்தார்.

"ஒரு இடத்துல உட்காருங்கப்பா. உங்க சீன் வரப்போகுது."

திரையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. "இவ்வளவு மழையில எப்படி மாமா நின்னீங்க?" என்றார் மாப்பிள்ளை.

"மழை எங்க, லாரியில கொண்டுவந்து பீய்ச்சின தண்ணி," என்றாள் டீ தட்டோடு வந்த மனைவி. "பல்லு கிட்டிப் போயிடும்."

இதை எப்போது அவளிடம் அளந்தோம் என்று சிப்பாய் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. இத்தனை வருடத்தில் அளந்தது கொஞ்சமா நஞ்சமா.

அதிகாரி கத்தினான். வரிசையில் ஒரு துப்பாக்கி தாழ்ந்தது. ஹெல்மெட் மெல்ல நிமிர, திரை முழுக்க அந்த முகம் பளிச்சென்று தெரிந்தது. நீள மூக்கு, பூனைக்கண், மேலுதட்டில் ஒரு தழும்பு. யாரோ ஒருவன்.

மகள் அப்பாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தக் காலத்து மேக்கப் ஆளையே மாத்திடும்," என்று முட்டுக்கொடுத்துப் பார்த்தார்.

சிப்பாய்க்கு மனைவி பக்கம் திரும்பத் தெம்பில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறந்தபோது, "நிறுத்துங்க, படத்தை நிறுத்துங்க," என்று மகள் கணவனை உலுக்கினாள்.

காட்சி அதற்குள் எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. துப்பாக்கிகளுக்கு நேர் எதிரே அந்தப் பெண்கள் நின்றார்கள். பழைய பிரதியில் மழைக்குள் வெறும் கறுப்புத் தலைகளாக இருந்தவர்களின் முகம் இப்போது ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

மகள் எழுந்து திரைக்குக் கிட்டே போனாள். முன்வரிசையில் தொப்பலாக நனைந்து, தலை நிமிர்ந்து நின்ற இளம்பெண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, இது நீதானே?"

சிப்பாய் அப்போதுதான் தலையைத் தூக்கினார். சந்தேகமே இல்லை, அவளேதான். துப்பாக்கியைத் தாழ்த்தியவனுக்கும் அவளுக்கும் நடுவே கை நீட்டினால் எட்டும் தூரம்தான் இருந்தது.

"அங்க நீ இருந்தியா?" என்று அவளிடம் திரும்பினார். "அவன் யாருன்னு கண்ணால பார்த்திருக்கே. அப்புறமும் ஏன் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

அவள் டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இருந்தேன்னு சொல்லியிருந்தா, நீங்க இருந்திருக்க முடியாதே."