சுகந்தி வரும் காட்சி

இடைவேளை முடிந்து விளக்குகள் அணைந்தன.

சுகந்தி இன்னும் வரவில்லை.

இனி வருவாள் என்று பெற்றவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். மகள் வரும் காட்சிக்காகத்தான் அந்தியூரிலிருந்து பஸ் ஏறி ஈரோட்டுக்கு வந்திருக்கிறாள்.

திரையில் கொலைகாரன் தன் மனைவிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

முதல் பாதி முழுக்க இதே கூத்துதான். நாய்க்குட்டிக்கு பிஸ்கட் போட்டான். அம்மாவின் காலில் தைத்த முள்ளை எடுத்தான். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனான். ஒவ்வொன்றையும் மனைவி கதவோரம் நின்று ஈரக் கண்ணோடு பார்த்தாள். அவள் பார்க்கப் பார்க்க வயலின் இழைத்தார்கள்.

நிஜத்தில் நாலு பெண்களைக் கொன்றவன். அதில் ஒருத்தி சுகந்தி.

படம் எடுக்கும் முன்பு ஓர் உதவி இயக்குநர் வீடு தேடி வந்தார். சுகந்தி யாரென்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றார். பெற்றவள் நம்பினாள். பேப்பரில் வெறும் 'இளம்பெண்' என்று வந்தவளைப் பற்றி ஒரு பகல் முழுக்கச் சொன்னாள்.

நர்சிங் படித்ததைச் சொன்னாள். இரண்டு கையையும் விட்டுவிட்டு சைக்கிள் ஓட்டி வாங்கிய திட்டுகளைச் சொன்னாள். உப்புமாவில் கிடக்கும் கறிவேப்பிலையை எல்லாம் பொறுக்கி அம்மா தட்டில் போடுவாள், தின்னும்மா, முடி வளரும் என்பாள் என்று சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த ஆளுக்குக் கண் கலங்கியது. அவருக்கும் உப்புமாதான் செய்து போட்டாள்.

இப்போது திரையில் உப்புமா.

கொலைகாரனின் மனைவி தன் தட்டிலிருந்த கறிவேப்பிலையைப் பொறுக்கினாள். எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

"தின்னுங்க, முடி வளரும்."

தியேட்டர் சிரித்தது. பக்கத்து இருக்கைப் பெண் உச்சுக்கொட்டிவிட்டுக் கணவன் தோளில் சாய்ந்தாள்.

பெற்றவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் அதை மென்று தின்றான். ரசித்துத் தின்றான். அவள் மகளைக் கொன்ற பிறகும் அவனுக்குத் தின்ன இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது. எடுத்துக் கொடுத்தவள் பெற்றவளேதான்.

எழுந்து போய்விடலாம்.

ஆனால் சுகந்தி வர வேண்டுமே.

வந்தாள்.

புதருக்கு வெளியே ஒரு கால். சிவந்த கால். கொலுசு. நகத்தில் பாலிஷ்.

சுகந்தி கொலுசே போட மாட்டாள். சத்தம் பிடிக்காது என்பாள். அதையும்தான் அந்த ஆளிடம் சொல்லியிருந்தாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்ப்பதற்குள் காலும் போய்விட்டது. மறுபடியும் மனைவியின் முகம். போலீஸ் சொன்னதைக் கேட்டு அவள் சுவரோடு சரிந்தாள். சரிய எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். பாவம், அவளுக்குத்தான் எத்தனை கஷ்டம். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

செத்தவளுக்கு அங்கே ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பிறகு கோர்ட், சிறை. கம்பிக்கு வெளியே நின்று மனைவி அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதோடு படம் முடிந்தது. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தூ.

வாசலில் யூடியூப் சேனல்காரர்கள் மைக்கோடு நின்றார்கள். அந்த மனைவிக்கு விருது நிச்சயம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். கடைசியில் அவனை மன்னித்தே விட்டேன் என்று ஒரு கல்லூரிப் பெண் கண்ணைத் துடைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தவளையும் மைக் மறித்தது.

"படம் எப்படிம்மா இருக்கு? குடும்பத்தோட பாக்கலாமா?"

வாயெல்லாம் புளித்துக் கிடந்தது. துப்ப இடம் தேடினாள். சுற்றிலும் ஆட்கள். விழுங்கிக்கொண்டாள்.

"எம்புள்ள இந்தப் படத்துல வர்றாளுங்க."

மைக் பிடித்த பெண்ணுக்கு முகமெல்லாம் பல். கேமராக்காரரைக் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தாள். விலகிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"சூப்பர்மா. என்ன கேரக்டர் பண்ணியிருக்காங்க?"